செட்டிநாட்டு வானில் வலசை வரும் பருந்துகளைக் கணக்கெடுப்பது எப்படி? புரட்டாசி முதல் கார்த்திகை வரை ஒரு முழு வழிகாட்டி

செட்டிநாட்டில் கும்பாபிஷேகம் என்றால், கலசத்தில் புனித நீர் விழும் நேரத்தில் ஊரே மேலே பார்க்கும். கருடன் வட்டமிட்டால்தான் எல்லோருக்கும் நிம்மதி. அந்தக் கருடன், அதாவது செம்பருந்து, இந்த மண்ணிலேயே கூடுகட்டி வாழ்கிற உள்ளூர்ப் பறவை. அதே வானத்தில் புரட்டாசிக்குப் பிறகு கஜகஸ்தானிலிருந்தும் ரஷ்யப் புல்வெளிகளிலிருந்தும் வந்து சேருகிற பருந்துகளும் வல்லூறுகளும் உண்டு. அவற்றை எண்ணி எழுதி வைப்பவர்கள் மிகக் குறைவு. எண்ண விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். மெக்சிகோவின் வெராக்ரூஸில் ஒரு பருவத்தில் பல லட்சக்கணக்கில் பருந்துகள் தலைக்கு மேல் போகும். ஜார்ஜியா நாட்டின் பாட்டுமியில் பத்து லட்சத்தைத் தாண்டும். அங்கெல்லாம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. இரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய நிலத்தில் பறவைகள் நெருக்கியடித்துப் போகின்றன. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதிப் பக்கம் அப்படி நெருக்குகிற எதுவும் இல்லை. நிலம் விரிந்து கிடக்கிறது, பறவைகளும் விரிந்துதான் வருகின்றன. ஒரு மணி நேரத்துக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கலாம். ஒன்றுமே கிடைக்காத மணி நேரங்களும் நிறைய இருக்கும்.

அப்புறம் ஏன் எண்ண வேண்டும்? இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-இல் வந்த அறிக்கை, நாட்டில் அதிகம் குறைந்துவரும் கூட்டங்களில் இரைகொல்லிப் பறவைகளையும் சேர்த்திருக்கிறது. அதிலும் திறந்தவெளிகளை நம்பி வாழ்பவைக்குத்தான் பெரிய அடி. நம் செம்மண் பொட்டலும் தரிசும் காய்ந்த கண்மாய்ப் புல்லும் அப்படிப்பட்ட திறந்தவெளிகள்தான். பட்டா போட்டு மனையாகவோ, தைலமரக் காடாகவோ மாறுவதற்கு முன் அங்கே என்னென்ன வந்து தங்கின என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்கு மதிப்பு வர ஒரே நிபந்தனைதான்: இடம், நேரம், முறை மூன்றையும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றாமல் வைத்திருப்பது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

எந்த நாட்களில்

புரட்டாசி தொடக்கத்திலேயே, அதாவது செப்டம்பர் பின்பாதியில், முதல் பறவைகள் வரத் தொடங்கும். அக்டோபரும் நவம்பரும்தான் முக்கியமான மாதங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும் என்பதால், மழைக்கு முந்தைய நாட்களை வீணாக்க வேண்டாம். கார்த்திகைக்குப் பிறகு வழிப்போக்கர்கள் குறைந்து, இங்கேயே குளிர்காலத்தைக் கழிப்பவை மட்டும் மிஞ்சும். மார்ச், ஏப்ரலில் அவையும் கிளம்பிவிடும்.

வாரத்தில் எத்தனை நாள் முடியும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ஞாயிறு காலை மட்டும்தான் முடியும் என்றால் அதுவே போதும். ஆனால் எல்லா ஞாயிறும் போக வேண்டும். "இன்னிக்கு ஒண்ணும் வராது போல" என்று வீட்டில் இருந்துவிட்டு, நல்ல நாளாகப் பார்த்துப் போனால் கணக்கு கெட்டுப்போகும். மழை பெய்து ஓய்ந்து வெளுக்கும் முதல் நாளில் பறவைகள் கூடுதலாகத் தென்படுவது உண்டு. அன்று கூடுதலாகப் போவது தவறில்லை. அதைக் கூடுதல் நாள் என்று தனியாகக் குறியுங்கள்.

நேரம்: காலை 8.30 முதல் 12.30 வரை. வெயில் ஏறி நிலம் சூடானதும் வெப்பக்காற்று மேலே எழும். பெரிய சிறகுள்ள கழுகுகள் அதைப் பிடித்துச் சிறகடிக்காமலே உயரும். செம்மண் பொட்டலும் பாறையும் சீக்கிரம் சூடாகும், கண்மாய்த் தண்ணீர் சூடாகாது. எனவே காலை ஒன்பது, பத்து மணிக்கு வெறும் மண் இருக்கும் பக்கத்து வானத்தை முதலில் பாருங்கள். உச்சிவேளையில் அவை கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பூனைப்பருந்துகள் மட்டும் வெப்பக்காற்றுக்குக் காத்திருப்பதில்லை. விடிந்ததுமே தாழப் பறந்து வேட்டையைத் தொடங்கிவிடும்.

எந்த இடத்தில்

வடக்குப் பக்கம் மரமோ கட்டடமோ மறைக்காத இடம் வேண்டும். பறவைகள் பெரும்பாலும் வடக்கிலிருந்து வரும், நீங்கள் வடக்கு பார்த்து உட்கார வேண்டும். இந்த மாதங்களில் சூரியன் தென்பக்கம் சாய்ந்திருப்பதால் வெயில் முதுகில் விழும், கண் கூசாது.

திருமயம் கோட்டையின் பாறை உச்சியில் நான்கு திசையும் தெரியும். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், திறக்கும் நேரத்துக்குள்தான் இருக்க முடியும். குன்றக்குடி மலையிலும் பார்வை நன்றாக இருக்கும், ஆனால் திருவிழா நாட்களில் ஒதுங்கி நிற்க இடம் கிடைக்காது. பிரான்மலை நல்ல உயரம்தான், வாராவாரம் மூச்சு வாங்க ஏறி அதற்குப் பிறகு நான்கு மணி நேரம் கவனமாகப் பார்ப்பது எல்லோராலும் ஆகாது.

என்னைக் கேட்டால் முதல் பருவத்துக்குக் கண்மாய்க்கரைதான் சிறந்தது. கரை உயரமாக இருக்கும். ஒரு பக்கம் நீர்ப்பரப்பு அல்லது புல், மறுபக்கம் வயல். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். புரட்டாசியில் கண்மாய் காய்ந்திருக்கும்போது புல்லுக்கு மேல் பூனைப்பருந்து வரும், ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியதும் விராலடிப்பானும் சேற்றுப் பூனைப்பருந்தும் வரும். திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இப்படிக் கண்மாய்களால் ஆனதுதான். 1977 முதல் சரணாலயமாக இருக்கிறது. பறவைகள் மிரளக்கூடாது என்று அங்குள்ள ஊர்மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்களில் பைனாகுலரோடு நிற்பவரை யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள்.

செட்டிநாடு கிராமத்தை ஒட்டிய பழைய விமான ஓடுதளமும் கால்நடைப் பண்ணையும் பரந்த வெளிகள். அரசு நிலம் என்பதால் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே உள்ளே போக வேண்டும். ஊருக்குள் பார்க்க வேண்டுமென்றால் பெரிய வீட்டு மெத்தை, அதாவது மொட்டைமாடி, உதவும். காரியத்தை மறைக்காமல் சொல்லுங்கள்: "ஆச்சி, வெளிநாட்டுலேர்ந்து வர்ற பருந்தை எண்ணுறோம், ஞாயித்துக்கிழமை காலையில மெத்தையில உட்கார்ந்துக்கலாமா?" ஓடு வேய்ந்த பகுதியில் மட்டும் கால் வைக்காதீர்கள்.

இடம் முடிவானதும், நிற்கும் புள்ளியைக் கூகுள் மேப்பில் குறித்துவையுங்கள். ஐம்பது மீட்டர் தள்ளி நின்றாலே ஒரு பனைவரிசை அடிவானத்தை மறைத்துவிடக்கூடும்.

கையில் என்ன வேண்டும்

8x42 பைனாகுலர் ஒன்று (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.). 10x42-உம் நல்லதுதான், ஆனால் மணிக்கணக்கில் தூக்கிப் பார்த்தால் கை நடுங்கும், பார்வை வட்டமும் சிறிது. டெலஸ்கோப் அவசியமில்லை. பென்சில், கெட்டி அட்டை போட்ட நோட்டு (பேனா மை மழையில் கரைந்துவிடும்), தொப்பி, தண்ணீர், சாய்ந்து உட்காரக்கூடிய நாற்காலி. கழுத்து வலிக்காமல் இருந்தால்தான் நான்காவது மணி நேரத்திலும் முதல் மணி நேரத்தைப் போலவே பார்க்க முடியும். கேமரா இருந்தால் நல்லது. அதை எழுதுபவரிடம் கொடுங்கள், பார்ப்பவரிடம் வேண்டாம்.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பார்ப்பவர், மற்றவர் எழுதுபவர். மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, நான்காவது ஆள் வந்தால் "எத்தனை பேர் பார்த்தார்கள்" என்பதையும் எழுத வேண்டும். கண்கள் கூடினால் எண்ணிக்கையும் கூடும்.

வானத்தைப் பார்க்கும் முறை

வெறும் கண்ணால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தால் தூரத்துப் பறவைகள் தப்பிவிடும். முதலில் அடிவானம். பைனாகுலரின் கீழ் விளிம்பு மரத்தலைகளைத் தொடுமாறு வைத்து, மேற்கிலிருந்து கிழக்காக மெதுவாக நகர்த்துங்கள். ஒரு வட்டத்துக்கு இரண்டு மூன்று நொடி. முடிந்ததும் பார்வை வட்டத்தின் பாதி அளவு மேலே ஏற்றி, கிழக்கிலிருந்து மேற்காக வாருங்கள். அப்படி மூன்று வரிசை. அதற்குப் பிறகு பைனாகுலரை இறக்கி, தலைக்கு மேலே வெறும் கண்ணால் ஒரு சுற்று. அரை நிமிடம் தரையைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு. மறுபடி முதலிலிருந்து.

வெறும் நீல வானத்தில் கண் எங்கே நிலைப்பது என்று தெரியாமல் அலையும். மேகம் இருந்தால் அதன் வெள்ளை விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். காகங்களும் தகைவிலான்களும் எதையாவது விரட்டினால் விரட்டப்படுவது எது என்று உடனே பாருங்கள். பாதி நேரம் உள்ளூர் வைரியாக இருக்கும், மீதி நேரம் நீங்கள் தேடிவந்தது.

பார்த்ததை அடுத்தவருக்குக் காட்டுவதற்கு முன்கூட்டியே அடையாளங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: செல்போன் டவர், கோபுரம், ஒற்றைப் பனை, தண்ணீர்த் தொட்டி. உயரத்துக்கு முஷ்டிக் கணக்கு. கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அளவு ஏறத்தாழ பத்து டிகிரி. "தம்பி, டவருக்கு வலப்பக்கம், மரத்துக்கு மேல ரெண்டு முஷ்டி, வலமாப் போகுது" என்று சொன்னால் ஐந்து நொடியில் இரண்டாவது ஜோடிக் கண்ணும் அதன்மேல் இருக்கும். "அதோ, அங்க, அங்க!" என்பதில் பறவை போய்விடும்.

எது உள்ளூர், எது வெளியூர்

கணக்கெடுப்பில் கடினமான வேலை இதுதான். செம்பருந்து, கரும்பருந்து, வைரி, கருந்தோள் பருந்து, பாம்புண்ணிக் கழுகு, வெள்ளைக்கண் வைரி ஆகியவை நம் பக்கம் ஆண்டு முழுவதும் இருப்பவை. பருவம் தொடங்கும் முன், ஆவணியில் இரண்டு மூன்று காலைப் பொழுதுகளை இவற்றுக்கென்றே ஒதுக்குங்கள். எந்த ஜோடி எந்த மரத்தில், எந்தப் பக்கமாகச் சுற்றும் என்று மனதில் பதிந்துவிட்டால், புரட்டாசியில் புதிதாக வருவது தானாகவே கண்ணில் உறுத்தும்.

வருபவர்களில் முதலில் கற்க வேண்டியது பூனைப்பருந்துகள். மெலிந்த உடல், நீண்ட சிறகு, நீண்ட வால். சிறகை மேல்நோக்கி ஆங்கில ‘வி’ எழுத்துப்போலத் தூக்கிப் பிடித்து, தரையிலிருந்து இரண்டு மூன்று ஆள் உயரத்தில் புல்லைத் துழாவிக்கொண்டே போகும். நம் பக்கம் எதிர்பார்க்க வேண்டியவை மூன்று.

சேற்றுப் பூனைப்பருந்து மூன்றில் கனமானது. பெண் கரும்பழுப்பு; உச்சந்தலையும் தொண்டையும் வெண்ணெய் நிறம். ஆணின் சிறகில் பழுப்பு, சாம்பல், கறுப்பு மூன்றும் இருக்கும். தண்ணீருக்கும் கோரைக்கும் மேல் பாருங்கள். வாலின் அடியில் வெள்ளைப் பட்டை இராது.

வெளிர் பூனைப்பருந்தின் ஆண் கிட்டத்தட்ட வெள்ளை எனத் தோன்றும் வெளிர்சாம்பல். சிறகு நுனியில் மட்டும் ஆப்பு வடிவில் குறுகலான கறுப்பு. மொண்டேகு பூனைப்பருந்தின் ஆண் அதைவிட அழுத்தமான சாம்பல். சிறகு நுனி முழுதும் கறுப்பு, அதோடு சிறகின் மேல்பக்கம் நெடுக ஒரு கறுப்புக் கோடு ஓடும். வயிற்றோரம் செம்பழுப்புக் கீற்றுகள். அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

இவ்விரண்டின் பெண்களும் இளம்பறவைகளும்தான் சோதிப்பவை. இரண்டுமே பழுப்பு, இரண்டுக்கும் வால் தொடங்கும் இடத்தில் பளிச்சென்ற வெள்ளை. முகத்தைப் பாருங்கள். வெளிர் பூனைப்பருந்துக்குக் கன்னத்துக் கறுப்பை ஒட்டிக் கழுத்தைச் சுற்றி வெளிறிய பட்டை, அதற்குப் பின்னால் கருத்த கழுத்து. இளம்பறவையில் இது இன்னும் தெளிவு. மொண்டேகுவுக்கு இந்தக் கழுத்துப்பட்டை இல்லை, அல்லது மங்கல். இளம்பறவைகளின் அடிப்பகுதி இரண்டிலும் கீற்றில்லாத செம்மஞ்சள் நிறம்.

தூரத்தில் போகும் பறவையிடம் இதையெல்லாம் எப்போதும் பார்க்க முடியாது. அப்போது நோட்டில் "பூனைப்பருந்து, வெளிர் அல்லது மொண்டேகு, பெண் அல்லது இளசு" என்று எழுதுங்கள். அதுவே சரியான பதிவு. பக்கத்தில் இருப்பவரைத் திருப்திப்படுத்த ஊகித்து ஒரு பெயரைப் போட்டால், பத்தாண்டு கழித்து அந்த நோட்டைப் பார்ப்பவருக்கு எதை நம்புவது என்று தெரியாமல் போய்விடும்.

மற்றவை சுருக்கமாக. விராலடிப்பான்: வயிறு வெள்ளை, நீண்ட சிறகு மணிக்கட்டில் மடிந்திருக்கும், அங்கே கருந்திட்டு, கண்மாய் தண்ணீரில் கால்நீட்டிப் பாயும். சிவப்பு வல்லூறு: கூர்ஞ்சிறகு, செம்பழுப்பு முதுகு, காற்றில் ஒரே இடத்தில் நின்று படபடக்கும். கருந்தோள் பருந்தும் அப்படி நிற்கும், ஆனால் அது சாம்பலும் வெள்ளையும். பொரி வல்லூறு: அகன்ற மார்பு, கூர்ஞ்சிறகு, கன்னத்தில் மீசைபோல் கறுப்பு. சைபீரியத் தூந்திரத்திலிருந்து வருவதன் வயிறு வெளுப்பு. பாறைமலைகளில் இங்கேயே வாழும் ஷாஹீன் என்ற வகையின் வயிறு செம்மை. பூட்டட் ஈகிள் எனப்படும் சிறிய கழுகு கரும்பருந்து அளவுதான் இருக்கும். அதன் வால் விளிம்பு நேராக இருக்கும், கரும்பருந்தின் வால் நடுவில் பிளந்திருக்கும். சிறகு உடலோடு சேரும் இடத்தில், முன்பக்கம், இரண்டு வெள்ளைப் புள்ளிகள் விளக்குப்போல் தெரிந்தால் அதுவேதான்.

எண்ணும் விதி

கிழக்கு மேற்காக ஒரு கற்பனைக் கோடு போடுங்கள். உங்கள் தலைக்கு மேலாக, இடப்பக்கம் ஒரு அடையாளத்திலிருந்து வலப்பக்கம் ஒரு அடையாளம் வரை. வடக்கிலிருந்து வந்து, அந்தக் கோட்டைத் தாண்டி, தெற்கேயோ தென்கிழக்கேயோ போய் மறைந்த பறவை மட்டுமே வலசைக் கணக்கில் சேரும். தாண்டிப் போய் அதே மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டால் அடித்துவிடுங்கள்.

கோட்டைத் தாண்டாமல் வயலில் வேட்டையாடிக்கொண்டே இருக்கும் பூனைப்பருந்தை இன்னொரு பத்தியில், "தங்கித் திரிவது" என்று எழுதுங்கள். அங்கே ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தன என்பதுதான் எண்ணிக்கை. காலை முழுதும் ஒரே பெண் பறவை ஏழு தடவை வந்துபோனாலும் அது ஒன்றுதான். சிறகில் ஓர் இறகு உதிர்ந்த இடைவெளி, வாலில் ஒரு முறிவு என்று தனி அடையாளம் ஏதாவது தெரிந்தால் நோட்டின் ஓரத்தில் சிறகு படம் வரைந்து குறியுங்கள்.

வெப்பக்காற்றில் பல பறவைகள் சேர்ந்து சுழலும்போது எண்ண முயலாதீர்கள். மேலே ஏறி முடித்ததும் ஒவ்வொன்றாகச் சிறகைக் குறுக்கி ஒரே திசையில் சறுக்கும், அப்போது வரிசையில் எண்ணுங்கள். கரும்பருந்துக் கூட்டத்துக்குள் வேறு ஒன்று கலந்திருந்தால் வெளியே வரும்போதுதான் தெரியும்.

ஆண், பெண், இளம்பறவை என்று பிரித்து எழுதுவது வீண்வேலை அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்ற மலைமுகடு உண்டு. ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் அங்கே வரிசையாக நின்று பருந்துகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி 1934-இல் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்துத் துப்பாக்கிகளை நிறுத்தினார், எண்ணிக்கையும் தொடங்கியது. பின்னாளில் அந்த நோட்டுகளில் இளம் வெண்தலைக் கழுகுகளின் பங்கு குறைந்துகொண்டே போனது தெரிந்தது. பெரியவை வருகின்றன, குஞ்சுகள் வரவில்லை. 1962-இல் ரேச்சல் கார்சன் டி.டி.டி. பூச்சிமருந்துக்கு எதிராக எழுதியபோது எடுத்துக்காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று. வயதைப் பிரித்து எழுதியிராவிட்டால் அது தெரிந்திருக்காது.

நோட்டில் ஒரு மணி நேரம்

ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரி. தேதி, தொடக்கம், முடிவு, பார்த்தவர் எண்ணிக்கை. மேகம் எத்தனை சதவீதம். தெளிவாகத் தெரியும் கடைசி அடையாளம் எது. காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் எழுத வேண்டும், எங்கே போகிறது என்பதை அல்ல. வாடை என்றால் வடக்கிலிருந்து, கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து. வேகத்துக்குக் கருவி வேண்டாம்: புகை நேராக மேலே போனால் 0, புகை சாய்ந்தால் 1, முகத்தில் பட்டு இலை சலசலத்தால் 2, இலையும் சிறுகொம்பும் ஓயாமல் ஆடினால் 3, புழுதி கிளம்பினால் 4, சிறு மரமே ஆடினால் 5.

அப்புறம் பறவைகள்: இனம், எண்ணிக்கை, ஆண் பெண் இளசு, போன திசை, உயரம். உயரத்துக்கு மூன்று குறி போதும்: பனைக்குக் கீழே, வெறும் கண்ணுக்குத் தெரியும் உயரம், பைனாகுலரில் மட்டும் தெரியும் உயரம்.

ஒன்றும் வராத மணி நேரத்துக்கு 0 என்று கட்டாயம் எழுதுங்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பத்து மணி நேரம் பார்த்ததில் மூன்று மணி நேரத்தில் மட்டும் ஆறு பறவைகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஆறைப் பத்தால் வகுத்தால் மணிக்கு 0.6. சும்மா போன ஏழு மணி நேரத்தை எழுதாமல் விட்டால், ஆறை மூன்றால் வகுத்து மணிக்கு 2 என்று வரும். அடுத்த ஆண்டு வேறொருவர் எல்லா மணி நேரத்தையும் ஒழுங்காக எழுதி 0.6 காட்டினால், பறவைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டதாகத் தோன்றும். உண்மையில் ஒன்றும் மாறியிருக்காது.

அந்தியில் அடையும் இடத்தில் எண்ணுவது

செட்டிநாட்டில் பகல் எண்ணிக்கையைவிட உறுதியான எண்ணைத் தரக்கூடியது இது என்பது என் கருத்து. பூனைப்பருந்துகள் மரத்தில் அடைவதில்லை. திறந்த பொட்டலில், முழங்கால் உயரப் புல்லுக்குள், தரையில் அடையும். பகலில் தனித்தனியாகத் திரிந்தவை அந்தியில் ஓரிடத்தில் கூடும். குஜராத்தின் வெளாவதரில் இப்படிக் கூடுவது உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. நம் பக்கம் ஒரு சிறு கூட்டம் கிடைத்தாலும் பொன்னான தகவல்.

கண்டுபிடிப்பது எப்படி? ஆடு மேய்க்கும் கீதாரிகளிடம் கேளுங்கள். கிடை போட்டு இரவு முழுதும் பொட்டலிலேயே கிடப்பவர்கள். இருட்டில் நடக்கும்போது காலடியிலிருந்து பெரிய பறவைகள் படபடவென எழும்பும் இடம் அவர்களுக்குத் தெரியும். "அண்ணே, பொழுது சாயுறப்ப பருந்து தரையில வந்து உட்கார்ற இடம் எதும் இருக்கா?" என்று கேட்டால் போதும். இல்லையென்றால், மாலையில் தாழப் பறக்கும் பூனைப்பருந்துகள் எந்தப் பக்கம் போகின்றன என்று இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்து, அந்த இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தைத் தேடுங்கள். பகலில் போய்ப் பார்த்தால் நசுங்கிய புல், வெள்ளை எச்சம், செரிக்காததைப் பறவை கக்கிய விரலளவு உமிழ்கட்டிகள் இருக்கும். உமிழ்கட்டியை உதிர்த்தால் வெட்டுக்கிளியின் காலும் தலை ஓடும் தெரியும். நம் வயல்களின் வெட்டுக்கிளிகளை இவை எவ்வளவு தின்கின்றன என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. நில உரிமையாளரிடம் இதைக் காட்டிப் பேசினால் பறவைகள் மேல் அவருக்கும் பிடிப்பு வரும்.

எண்ணும் நாளில் மாலை 4.30-க்கே போய், குறைந்தது 200 மீட்டர் தள்ளி, மேற்கு வெளிச்சத்துக்கு எதிரே பறவைகள் தெரியுமாறு உட்காருங்கள். இந்த மாதங்களில் நம் பக்கம் ஆறு மணியை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே ஒவ்வொன்றாக வரும். முதலில் பக்கத்து உழவு நிலத்தில், வெறும் தரையில் உட்கார்ந்து சிறகைக் கோதும். அது அடைதல் ஆகாது, எண்ண வேண்டாம். புல்லுக்குள் இறங்கினால் மட்டும் +1. இறங்கியது மறுபடி எழும்பினால் -1. ஒரு நரியோ நாயோ நடந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பும். அப்போது இதுவரை எழுதியதை மூடிவிட்டு, காற்றில் இருப்பவற்றை முழுதாக ஒருமுறை எண்ணுங்கள். பெரும்பாலும் மிகச் சரியான எண் அதில்தான் கிடைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரியாக எழுதுங்கள். பொழுது சாய்ந்த பிறகும் இருட்டும்வரை சில பறவைகள் வரும், எனவே அவசரப்பட்டு எழுந்திருக்க வேண்டாம்.

சரிபார்க்க, மறுநாள் விடியும் முன் 5.30-க்கு அதே இடத்தில் இருந்து கிளம்பிப் போகிறவற்றை எண்ணலாம். இரண்டும் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். சராசரி போட்டு ஒன்றாக்க வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, முன்பே குறித்த தேதியில் எண்ணினால் போதும், அதற்குமேல் போனால் தொந்தரவு. உள்ளே நடப்பது, டார்ச் அடிப்பது, ட்ரோன் விடுவது மூன்றும் கூடவே கூடாது.

பதிவேற்றும்போது

பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்டு (eBird) செயலியில் ஒவ்வொரு மணி நேரத்தையும் தனிப் பட்டியலாக, ஒரே இடத்தில் நின்று பார்த்ததாகப் போடுங்கள். காகம், மைனா உட்பட அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்திருந்தால் மட்டுமே முழுப் பட்டியல் என்று குறிக்க வேண்டும். இனம் தெரியாத பூனைப்பருந்து என்று பதியவும் அங்கே இடம் உண்டு. திசை, வயது, உயரம் ஆகியவற்றைக் குறிப்பில் எழுதுங்கள். அடையும் இடத்துப் பட்டியலை மட்டும் பொதுப்பார்வையில் இருந்து மறைத்து வையுங்கள், அதற்கான வசதி இணையதளத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவிலும் அந்த இடத்தின் படமோ லொகேஷனோ போகக்கூடாது. கேமராவோடு பத்துப் பேர் ஒரு மாலை வந்துபோனாலே பறவைகள் இடத்தைக் கைவிடலாம்.

இடியும் பாம்பும்

ஐப்பசி மாலைகளில் இடிமழை சட்டெனக் கட்டும். பொட்டலிலும் கண்மாய்க்கரையிலும் உயரமாக நிற்பது நீங்கள்தான், ஒற்றைப் பனைக்கடியில் ஒதுங்குவது அதைவிட ஆபத்து. முதல் இடிச் சத்தம் கேட்டதும் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள். நோட்டில் "இடியால் 4.50-க்கு நிறுத்தம்" என்று எழுதினால் போதும். அந்தியில் புல்லில் கண்ணாடி விரியன் கிடக்கும். கணுக்கால் மூடும் காலணியும், திரும்பும் வழிக்குத் தரையை நோக்கி அடிக்கும் டார்ச்சும் கட்டாயம்.

அடுத்தவர் கையில் கொடுக்க ஒரு தாள்

பருவம் முடிந்ததும் மார்கழிக்குள் இதைச் செய்துவிடுங்கள். நிற்கும் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், வடக்கு அடிவானத்தின் அகலமான புகைப்படம் ஒன்று, அதில் டவர், கோபுரம், பனை ஆகியவற்றின் பெயரும் அவை இருக்கும் தூரமும், கற்பனைக் கோட்டின் இரு முனைகள், பார்க்கும் நேரம், வாரநாள், அனுமதி யாரிடம் வாங்க வேண்டும், உள்ளூர்ப் பருந்து ஜோடிகள் எந்தெந்த மரங்களில். எல்லாம் ஒரே தாளில் அடங்க வேண்டும். நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, தாளோடு சேர்த்து இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் அதே நாற்காலி, அதே புள்ளி, அதே 8.30-க்கு எண்ணிக்கை தொடங்க அது போதும்.